நோக்கம் நல்லதுதான்... நாடகம்?

கேள்வி:

வணக்கம் மேடம். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவனுக்காகக் கற்றுக்கொண்ட சைகை மொழிதான் என்னைக் காது கேளாதோர் உரிமைக்கான ஓர் அமைப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒன்பது வருடமாக அங்கே சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இந்த வருடம் அமைப்பின் சார்பில் ஒரு நாடகம் போட்டார்கள். காது கேளாத பெண் ஒருத்தி வேலைக்கான நேர்காணலுக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்புவதுதான் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் காது கேட்பவர், மூன்று மாதத்தில் சைகை பழகியவர். இயக்குநர் என் நெடுநாள் நண்பர். நல்ல மனிதர், கடன் வாங்கி இதைச் செய்திருக்கிறார்.

நாடகம் நன்றாக இல்லை மேடம். வசனமெல்லாம் துண்டுப் பிரசுரம் மாதிரி. கெட்டவர்கள் எல்லோரும் கோட்டு போட்டிருக்கிறார்கள், நல்லவர்கள் எல்லோரும் அழுகிறார்கள். விளக்கு முகத்தில் மட்டும் விழுகிறது, கைகள் பாதி நேரம் இருட்டில். உச்சக் காட்சியில் ஐந்து நிமிடத்துக்கு வயலின். கேட்கிறவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தம்பி என் பக்கம் திரும்பி, ‘இப்ப என்ன நடக்குது?’ என்று சைகையில் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, ‘எப்ப முடியும்?’ என்றான். ஒரே ஓர் இடம் நன்றாக இருந்தது. காத்திருப்பு அறையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள், அவள் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாள். இரண்டு நிமிடம் வசனமே இல்லை. அப்போது மட்டும் தம்பி அசையவில்லை.

முடிந்ததும் நான்தான் முதலில் எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன் (எங்கள் கைதட்டல் அப்படித்தான்). இயக்குநரிடம் ‘அற்புதம்’ என்றேன். வாட்ஸ்அப் குழுவிலும் அதையே எழுதினேன். இப்போது செய்திமடலுக்கு ஒரு பக்க விமர்சனம் கேட்கிறார்கள். அடுத்த காட்சிக்குப் பத்துப் பேரை அழைத்துவரச் சொல்கிறார்கள். தயங்கினேன். ‘நம்ம ஆளுங்களே ஆதரிக்கலைன்னா வேற யாரு ஆதரிப்பா?’ என்றார் ஒருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் துரோகியா, பொய்க்காரியா? இரண்டில் ஒன்று என்றுதான் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாடகத்தைப் பற்றி ஒரு பத்திதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மேடை கண்முன் வந்துவிட்டது. கோட்டுப் போட்ட கெட்டவர்கள், இருட்டில் அசையும் கைகள், ஐந்து நிமிட வயலின். ஏனோதானோவென்று உட்கார்ந்திருந்தவர் கண்ணில் இவ்வளவும் படாது. அன்று அந்த அரங்கில் நாடகத்தை அதிக அக்கறையோடு பார்த்தவர் நீங்களாகத்தான் இருக்கும். எனவே துரோகி என்ற சொல்லே வேண்டாம்.

பொய்க்காரியா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம். ‘அற்புதம்’ என்று சொன்னது பொய்தான். ஆனால் முதல் காட்சி முடிந்து வியர்வையோடு நிற்கும் நண்பரிடம் யாராக இருந்தாலும் சொல்கிற பொய். நானும் சொல்லியிருப்பேன். வாட்ஸ்அப்பில் எழுதியதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். செய்திமடலில் உங்கள் பெயரோடு அச்சாகப்போகிற ஒரு பக்கம் வேறு கணக்கு. நல்லவேளை, அதை இன்னும் எழுதவில்லை.

ஓர் இலட்சியத்துக்காக நாம் கொடுக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. நேரம், பணம், நாற்காலி தூக்க இரண்டு கை, கோஷம் போட ஒரு தொண்டை. இதையெல்லாம் மனமில்லாமல் கொடுத்தாலும் பயன்படும். முணுமுணுத்துக்கொண்டே தூக்கினாலும் நாற்காலி மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பாராட்டு அப்படி இல்லை. மனமில்லாமல் கொடுத்த மறுநிமிடம் அது பாராட்டாகவே இருப்பதில்லை. ‘எனக்குப் பிடித்திருந்தது’ என்பது உங்களுக்குள் நடந்த ஒன்றைப் பற்றிய தகவல். நடக்காததை நடந்ததாக எழுதித் தரச் சொல்ல எந்த அமைப்புக்கும் உரிமை கிடையாது, எவ்வளவு நல்ல அமைப்பாக இருந்தாலும். ஒன்பது வருடம் மொழிபெயர்த்தவர் அந்த அமைப்புக்குப் பாக்கி ஏதும் வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியே இருந்தாலும் அதை விமர்சனமாக எழுதி அடைக்க முடியாது.

அதற்காக ‘நம்ம ஆளுங்களே’ என்று கேட்டவரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டால் நீங்களும் அதே நாடகத்தைத்தான் எழுதுகிறீர்கள். அவர் பயப்படுகிறார், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1987இல் மார்லீ மாட்லின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை வாங்கினார். காது கேளாத ஒருவருக்கு நடிப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது அதுதான் முதல் முறை. அவருக்கு அப்போது 21 வயது. அடுத்ததாக ட்ராய் கோட்ஸர் சிறந்த துணை நடிகருக்கான விருதை வாங்கியது 2022இல். நடுவில் 35 வருடம். அவ்வளவு பணம் புரளும் திரையுலகத்திலேயே நிலைமை இதுதான் என்றால், கடன் வாங்கி நாடகம் போடுகிறவர்கள் எதைப் பார்த்தாலும் இதுதான் கடைசி வாய்ப்பு என்று பதறுவதில் ஆச்சரியம் இல்லை.

காது கேட்கிறவர்கள் போட்ட நாடகம் படுத்துவிட்டால், நாடகம் படுத்துவிட்டது என்பார்கள். காது கேளாதோர் நாடகம் படுத்துவிட்டால், ‘இந்த மாதிரி விஷயமெல்லாம் எடுபடாது’ என்பார்கள். சுமாரான நாடகம் போடும் சுதந்திரம்கூட எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. (வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் சலிப்பான நாடகம் வெறும் சலிப்பான நாடகமாக மட்டும் மறக்கப்படுகிறது என்றால், அந்தச் சமூகம் ரொம்ப தூரம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.)

பயம் சரி, அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் மருந்துதான் சரியில்லை. நாம் எல்லோரும் ஒரே குரலில் ‘அற்புதம்’ என்றால் வெளியே இருப்பவர்கள் நம்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். அவர்களும் கண்ணால்தானே பார்க்கப்போகிறார்கள்? உங்கள் பேச்சை நம்பி வரும் பத்துப் பேர் மரியாதைக்காக முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ‘நல்ல கருத்து’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த முறை நீங்கள் கூப்பிடும்போது அந்தப் பத்துப் பேருக்கும் ஏதாவது வேலை இருக்கும். அதன் பிறகு ஒருநாள் நிஜமாகவே நல்ல நாடகம் ஒன்று வந்து, நீங்கள் ‘அற்புதம்’ என்றால், அந்தச் சொல்லை யார் நம்புவார்கள்?

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 1998இல் கென்ட் ஹார்பர் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். வெள்ளையினக் கல்லூரி மாணவர்களிடம் வேண்டுமென்றே மோசமாக எழுதப்பட்ட கட்டுரைகளைக் கொடுத்து, எழுதியவருக்குப் போய்ச் சேரும்படி கருத்து எழுதச் சொன்னார்கள். எழுதியவர் சக வெள்ளையின மாணவர் என்று சிலரையும், கறுப்பின மாணவர் என்று சிலரையும் நினைக்க வைத்தார்கள். கட்டுரை கறுப்பின மாணவருடையது என்று நினைத்தவர்கள் கூடுதல் இதமாக, குறை குறைவாகச் சொல்லி எழுதினார்கள். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை விஷயத்தில் அல்ல, கருத்தும் வாதமும் எப்படி இருக்கின்றன என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் அந்த இதம் தெரிந்தது. எழுதியவருக்கு மிக அதிகமாக உதவியிருக்கக்கூடிய இடமும் அதுதானே.

அந்த மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை. நல்லவர்களாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தவர்கள். அந்த இதத்துக்குள் ஒரு சின்ன மட்டம்தட்டல் ஒளிந்திருக்கிறது. ‘உன்னிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது’ என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. ‘அற்புதம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு, மனநலப் பிரச்சினைகளிலிருந்து மீண்டுவந்தவர்கள் எழுதிய கவிதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார்கள். வெளியீட்டு விழாவில் நான் பேசினேன். கவிதைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் மேடையில் இருபது நிமிடம் வானளாவப் புகழ்ந்தேன். என் தொழில் அது சம்பந்தப்பட்டது, என் அனுதாபமும் அவர்கள் பக்கம், அரங்கமும் நெகிழ்ந்திருந்தது. அதில் எழுதியிருந்த ஓர் இளைஞர் ஒரு வருடம் கழித்து என்னைத் தேடி வந்தார். என் பேச்சை நம்பிப் பத்திரிகைகளுக்குக் கவிதைகளை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார், எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ‘அவங்க சொல்றது தப்பா, நீங்க சொன்னது தப்பா மேடம்?’ என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் சுற்றி வளைத்து ஏதேதோ சொன்னேன். அவர் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்ட விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் யாராவது அவருடன் உட்கார்ந்து, ‘இந்த மூன்றாவது வரி நன்றாக இருக்கிறது, மற்றதை எடுத்துவிடலாம்’ என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்கும். அந்த யாராவது நானாக இருந்திருக்கலாம்.

சரி, உங்கள் நாடகத்துக்கு வருவோம். கலையா, இலட்சியமா என்று இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டு நடுவில் நின்று தவிக்கிறீர்கள். நீங்கள் சொன்ன குறைகளையே எடுத்துப் பாருங்கள். கைகள் இருட்டில் இருக்கின்றன. சைகை மொழி நாடகத்தில் கை தெரியவில்லை என்றால், மற்ற நாடகத்தில் பாதி வசனத்துக்கு மைக்கை அணைத்துவிட்ட மாதிரி. கதாநாயகி மூன்று மாதத்தில் சைகை பழகியவர் என்கிறீர்கள். கைகளை வேண்டுமானால் மூன்று மாதத்தில் பழக்கலாம். புருவமும் உதடும் தோளும் சேர்ந்துதான் அந்த மொழியின் இலக்கணம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பல சைகை மொழிகளில் புருவம் உயர்ந்தால்தான் ஒரு வாக்கியம் ‘ஆமாவா, இல்லையா’ என்ற கேள்வியாகிறது. முகம் அசையாமல் கை மட்டும் அசைந்தால், பார்க்கிறவருக்கு அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டியது போலத்தான் இருக்கும். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுவழிக் கல்விதான் சிறந்தது என்று தீர்மானம் போட்டது. பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டது. அமெரிக்கச் சைகை மொழி தனக்கென்று அமைப்புள்ள முழுமையான மொழி என்று வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழி ஆய்வாளர் ஆராய்ந்து எழுதியதே 1960இல்தான். இவ்வளவு போராடி மொழி என்ற பெயரை வாங்கிய ஒன்றை மேடையில் அரைகுறையாகப் பேசினால், அதை ‘கலையில் சின்னக் குறை’ என்று தள்ளிவிட முடியுமா? இந்த இடத்தில் கலை சறுக்கியபோது இலட்சியமும் சேர்ந்தே சறுக்கியிருக்கிறது. உங்கள் தம்பி ‘இப்ப என்ன நடக்குது?’ என்று கேட்டதும் அதைத்தான்.

அப்புறம் அந்த வயலின். அதை யாருக்காக வாசித்தார்கள்? காது கேளாதோர் பற்றிய நாடகத்தின் உச்சத்தைக் காது கேட்பவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

கலையா, பிரசாரமா என்ற இந்தச் சண்டை பழையது. 1926இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ், எல்லாக் கலையும் பிரசாரம்தான், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். தன் இனத்தின் உரிமைக்கு உதவாத கலை எதற்கு என்பது அவர் கேள்வி. 1928இல் இன்னொரு கறுப்பினச் சிந்தனையாளரான ஆலன் லாக் மறுத்தார். பிரசாரம், தாழ்த்தப்பட்ட நிலையை எதிர்த்துக் கத்தும்போதும் அந்த நிலையிலேயே நின்றுகொண்டுதான் கத்துகிறது, ஆதிக்கம் செய்யும் பெரும்பான்மையின் நிழலில் இருந்துகொண்டு அவர்களைத் திட்டுகிறது, மிரட்டுகிறது, கெஞ்சுகிறது என்பது அவர் வாதம். இரண்டு பேரும் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள். இதனால் ஒருவர் துரோகியாகிவிடவில்லை. நான் முழுவதும் லாக் பக்கம் என்றும் சொல்லமாட்டேன், டூபாய்ஸின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஐந்து நிமிட வயலினைப் பற்றிப் படித்தபோது லாக் ஞாபகம்தான் வந்தது.

இனி உங்கள் பக்கம் ஒரு கேள்வி. உங்கள் தீர்ப்பில் எவ்வளவு தொழிலறிவு, எவ்வளவு ரசனை, எவ்வளவு களைப்பு? நீங்கள் மொழிபெயர்ப்பாளர். மெய்ப்புத் திருத்துகிறவர் கதைப் புத்தகத்தைப் படிப்பதுபோல, மற்றவர்கள் கண்ணில் படாத பிழையெல்லாம் உங்கள் கண்ணில் படும். வசனம் துண்டுப் பிரசுரம் மாதிரி இருந்தது என்பது ரசனை சார்ந்த விஷயம். அதே வசனம், அந்த மாதிரி நேர்காணலுக்குப் போய்த் திரும்பிய ஒருவருக்குத் தன் வாயில் வராத சொற்களாகக்கூட இருந்திருக்கலாம். விளக்கு விஷயம் அப்படி இல்லை, தெரிந்தது அல்லது தெரியவில்லை. முதலாவதைச் சந்தேகத்தோடும் இரண்டாவதை உறுதியாகவும் சொல்லுங்கள். தம்பி ஒருவர்தான், அவர் எல்லோருக்கும் பிரதிநிதி இல்லை. காது கேளாத இன்னும் நாலு பேரிடம் கேளுங்கள்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. கட்டாயப்படுத்திக் கைதட்ட வைக்கப்பட்டவர்கள் சிலர், கொஞ்ச நாளில் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இலட்சியம் என்ற சொல் காதில் விழுந்தாலே எரிச்சல், போஸ்டரைப் பார்த்ததுமே ‘ஆரம்பிச்சுட்டாங்கடா’ என்ற சலிப்பு. இப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்க்காமலே கைதட்டியவர்கள், இப்போது பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். நீங்கள் அந்தக் காத்திருப்பு அறைக் காட்சியைக் கவனித்துச் சொல்லியிருப்பதால், அங்கே போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் புகழ்கிறார்கள், நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது நிச்சயமில்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோடுகளில் எது எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டும், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மற்ற எல்லோரும், முன்பே பேசிவைத்தபடி, ஒரே மாதிரி தப்பான விடை சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குத் தடவை கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்த அளவு இருபதில் ஒன்று என்கிற அளவுக்கு விழுந்துவிட்டது. முதலில் எழுந்து கைகளை ஆட்டியது நீங்கள்தான் என்கிறீர்கள். உங்களைப் பார்த்து எழுந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் உங்களைப் போலவே வீட்டுக்குப் போய் விழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்? கோடு வேறு, நாடகம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். நாடகத்தில் ‘சரியான விடை’ என்று ஒன்று கிடையாது. ஆனால் தனியாக இருக்கிறோம் என்ற பயம் இரண்டிலும் ஒன்றுதான்.

உடனே குழுவில் போய் எழுதிவிடாதீர்கள். இயக்குநரிடம் முதலில் பேசுங்கள், தனியாக, அடுத்த காட்சிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே. எப்படிப் பேசுவது என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது. ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1999இல் வெளியிட்டது. கறுப்பின மாணவர்கள் எழுதியதைக் குறைகளை மட்டும் சுட்டித் திருப்பிக் கொடுத்தபோது, திருத்தியவருக்கு ஓரவஞ்சனை என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள், மறுபடி எழுதும் ஆர்வமும் குறைந்தது. அதே குறைகளோடு, ‘நான் பார்க்கும் அளவுகோல் உயரமானது, உன்னால் அதை எட்ட முடியும்’ என்று சேர்த்துச் சொன்னபோது சந்தேகம் குறைந்து ஆர்வம் கூடியது. குறையை மழுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பாராட்டுக்கு நடுவில் ஒரு குறையை ஒளித்துவைக்கும் வழக்கம் ஒன்று அலுவலகங்களில் இருக்கிறதே, அதுவும் இல்லை.

உங்களிடம் அதற்கான பொருள் தயாராக இருக்கிறது. காத்திருப்பு அறையிலிருந்து ஆரம்பியுங்கள். ‘அந்த இரண்டு நிமிஷம் என் தம்பி அசையவே இல்லை. அந்த மாதிரி ஒரு காட்சி உங்களுக்கு எடுக்கத் தெரியும்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் மத்த இடத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன்.’ இது பாராட்டு, உண்மையும்கூட. அடுத்து, மாற்ற முடிகிறவற்றை மட்டும் பேசுங்கள். விளக்கை மாற்றலாம். வயலினைக் குறைக்கலாம், அல்லது அந்த ஐந்து நிமிடத்தைக் கண்ணுக்குத் தெரியும் எதனாலாவது நிரப்பலாம். கதாநாயகிக்குக் காது கேளாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முகப் பயிற்சி கொடுக்கலாம். கதையே சரியில்லை என்பதை இப்போது சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை, அதை அடுத்த நாடகம் எழுத உட்காரும்போது சொல்லிக்கொள்ளலாம். கடன் வாங்கியிருக்கிறாரே என்று தயங்குவீர்கள். கடன் வாங்கியவருக்குத்தான் அடுத்த காட்சி நன்றாக இருக்க வேண்டிய அவசரம் அதிகம்.

அவருக்கு வலிக்கும். கொஞ்ச நாள் உங்களிடம் பேசாமல்கூட இருக்கலாம். அந்தச் செலவு இல்லாத வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செய்திமடல் பக்கம். இதில் நான் கொஞ்சம் கறாரானவள். ‘அற்புதம்’, ‘அனைவரும் காண வேண்டிய’ போன்ற சொற்களை எழுதாதீர்கள். அதற்காக நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட வேண்டியதும் இல்லை. உள்ளே பேசுவதையெல்லாம் வெளியே எழுதியாக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அமைப்பை வீழ்த்தக் காத்திருப்பவர்கள் கையில் கல் எடுத்துக் கொடுக்காமல் இருப்பதும் நியாயமான யோசனைதான். பார்த்ததை எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: ‘காத்திருப்பு அறைக் காட்சியில் வசனமே இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள், அவள் மட்டும் இருக்கிறாள். என் பக்கத்தில் இருந்த என் தம்பி அந்த இரண்டு நிமிடமும் அசையவில்லை. வேறு பல இடங்களில் கைகளின் மேல் வெளிச்சம் போதவில்லை, அவனால் பாதியைப் படிக்க முடியவில்லை. அடுத்த காட்சியில் விளக்கு கொஞ்சம் கீழே இறங்கினால் அவனுக்கும் முழு நாடகம் கிடைக்கும்.’ இதில் பொய் இல்லை, விரோதமும் இல்லை. ஆசிரியர் குழு இதில் இரண்டு ‘அற்புதம்’ செருகினால், உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். எழுதவே முடியவில்லை என்றால் ‘இந்த முறை வேறு யாராவது எழுதட்டும்’ என்று சொல்லிவிடலாம், அதுவும் கௌரவமான பதில்தான்.

பத்துப் பேர் விஷயம் எளிது. கூப்பிடுங்கள், என்ன பார்க்கப்போகிறார்கள் என்பதைச் சொல்லியே கூப்பிடுங்கள். ‘முதல் முயற்சி, கரடுமுரடா இருக்கும், ஆனா ஒரு காட்சி இருக்கு’ என்று சொன்னால் ஆறு பேராவது வருவார்கள். நீங்கள் மறுபடி பார்த்துத்தான் ஆக வேண்டுமா? வேண்டாம். அன்று வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்க ஆள் தேவைப்படும், அதைச் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்துக்காகத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒத்திகைக்குக் காது கேளாதவர் யாராவது வந்திருந்தார்களா? வரவில்லை என்றுதான் ஊகிக்கிறேன். வந்திருந்தால் விளக்கு விஷயத்தை முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அடுத்த ஒத்திகைக்குத் தம்பியையும் அவர் நண்பர்கள் இரண்டு பேரையும் அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்காரட்டும். அங்கிருந்து கைகள் தெரியவில்லை என்றால் அவர்களே எழுந்து நிறுத்தட்டும். இதுவரை தம்பி சார்பில் நீங்களும் இயக்குநரும் அமைப்பும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஒரு பக்கத்தில் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

விமர்சனத்தில் தம்பியைப் பற்றி எழுதும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். எழுதி முடித்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள். ‘எப்ப முடியும்?’ என்று கேட்டாரே, அதையும் சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.